கூடையில் ஒன்பதாவது பாட்டில்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்? எங்கள் சங்கத்தில் ஜாமு என்கிற மூலிகைச் சாறு விற்கிற பெண்கள் முந்நூறு பேர். எல்லார் கூடையிலும் எட்டு பாட்டில். என் கூடையில் மட்டும் ஒன்பது. அந்த ஒன்பதாவது எப்படி வந்தது, ஒரு முறை எப்படிப் போகப் பார்த்தது என்று சொல்ல எனக்கு நாலு பக்கமாவது வேண்டும். பிடிக்காதவர்கள் புரட்டிக்கொண்டு சமையல் குறிப்புக்குப் போகலாம்.

என் பெயர் சாதினெம். ஜாவாவில் சுகோஹர்ஜோ பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம், அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். பதினாறு வயதில் மூங்கில் கூடையை நீளத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, கிளாஸ் கழுவுகிற தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு சோலோ நகரத்துக்குப் பஸ் ஏறினேன். இன்றைக்கு எனக்கு எழுபத்தொன்று. சொந்த வீடு இரண்டு. என் அடுப்படியில் நாலு பெண்கள் இடிக்கிறார்கள், பிழிகிறார்கள். எவரும் எனக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை.

எல்லாரும் என் முதுகைத்தான் புகழ்வார்கள். என்னைக் காப்பாற்றியது முதுகு இல்லை, தலை. நூற்று நாற்பது வாடிக்கையாளர்களின் நாக்கும் வயிறும் என் தலைக்குள் இருக்கிறது. ஒரு வரி எழுதி வைத்ததில்லை. எங்கள் சந்தை வாரத்துக்கு ஐந்தே நாள்: லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன். இந்த ஐந்தும் ஞாயிறு திங்கள் என்கிற ஏழும் பின்னிக்கொண்டு ஓடும். ஒரே ஜோடி திரும்பி வர முப்பத்தைந்து நாள். தையல்காரர் மனைவிக்கு லெகி அன்று மஞ்சளும் புளியும். ரிக்‌ஷாக்காரருக்கு வாகே அன்று கச்சோலக் கிழங்கு போட்ட அரிசிப்பால். யாருக்கு நிலவேம்புக் கசப்பு கொடுத்தாலும் பின்னாலேயே அரை கிளாஸ் இனிப்பு, இலவசம். இப்படி நூற்று நாற்பது பேருக்கும். கூடையை இறக்கும்போதே என் கை சரியான பாட்டிலுக்குப் போய்விடும்.

ஒன்பதாவது பாட்டில் வல்லாரை. அதை எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கெம்லாயான் சந்தில் ஒரு வாடகை அறையில் சட்டம் படிக்கிற பையன் இருந்தான், மூன்றாம் முறையாகப் பரீட்சையில் தோற்றவன். "ஜாமு அக்கா, படிச்சது மண்டையில நிக்க ஏதாவது இருக்கா?" என்று அழாத குறையாகக் கேட்டான். வல்லாரையை வயல் வரப்பிலிருந்து பறித்துச் சோற்றோடு பச்சையாகத் தின்பவர்கள்தான் நாங்கள். மூளைக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாட்டிலில் யாரும் அடைத்ததில்லை.

முதலில் வேகவைத்தேன், சாக்கடை நிறத்தில் வந்தது. அடுத்து பச்சையாக இடித்துப் பிழிந்தேன். மத்தியானத்துக்குள் பொங்கி, வாழையிலை அடைப்பு பறந்துபோய் ஒரு பாங்க் காவலாளியின் தொப்பியில் அடித்தது. மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றினேன், வாத்துகள் கூட அந்தப் பக்கம் வரவில்லை. பதினோராவது தடவைதான் பிடிபட்டது. சோற்றுப் பானை ஆவியில் இலையை ஒரு வாட்டு வாட்டி, இடித்து, கையால் பிழிந்து, கச்சோலமும் பனைவெல்லமும் எலுமிச்சையும் சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் பிழிந்தால் கசப்பு முழுதும் இறங்கிவிடும். கைக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். அந்தப் பையன் தேறினான். இன்றைக்கு நீதிபதி. அவன் அந்த வருஷம்தான் ஒழுங்காகப் படித்தான் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது பாக் குரித்னோ விஷயத்துக்கு வருகிறேன். அதே சந்தில் ரெபாப் வாசிக்கிறவர். கமெலான் இசைக் கூட்டத்தில் அத்தனை வெண்கல வாத்தியமும் இந்த இரண்டு கம்பி வாத்தியத்தின் பின்னால்தான் போகும். ரெபாப்காரர் பாட்டை மறந்தால் இருபது பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர் தலையில் முந்நூறு பாட்டு. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டு முன்னறையில் பயிற்சி நடக்கும். முப்பது வருஷமாகத் தினம் காலையில் என் கையால் ஒரு கிளாஸ் வல்லாரை, பின்னால் அரை கிளாஸ் இனிப்பு. என் பெருமைக்கு அவர்தான் சாட்சி. புதிதாக யாராவது சந்தேகப்பட்டால், "கெம்லாயானுக்குப் போய் அந்த மனுஷனைக் கேளு" என்பேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தச் சாட்சி ஆட்டம் கண்டது. கிளாஸைக் குடித்து வைத்துவிட்டு, "நெம், இன்னும் ஊத்தலையா?" என்று கேட்டார். என்னை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார். ரெபாப் வில்லைத் தேடித் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்குள் இருந்து எடுத்தோம். ஒரு வியாழக்கிழமை நடுப்பாட்டில் நின்றுவிட்டார். இருபது பேரும் நின்றார்கள். சந்து முழுக்க அதே பேச்சு.

நான் சும்மா இருப்பேனா? ஒரு கிளாஸை இரண்டாக்கினேன். அதற்கும் கேட்கவில்லை, மூன்றாக்கினேன்.

ஜகார்த்தாவில் இஞ்சினியராக இருக்கிற மகன் பம்புடி வந்து இறங்கினான். சின்ன வயதில் என் அரிசிப்பாலைக் குடித்து வளர்ந்தவன். வந்த மறுநாள் காலை என்னை வாசலிலேயே மறித்தான்.

"ஜாமு அக்கா, அப்பாவை ஜகார்த்தாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. ரெபாப்பை ஒரு இசைக் கல்லூரி கேக்குது, குடுத்துடப் போறேன்."

"உன் வீடு எத்தனையாவது மாடி தம்பி?"

"பதினெட்டு."

"பதினெட்டாவது மாடியில அவர் யாரோட வாசிப்பாரு? காக்காயோடவா?"

"வாசிக்கத் தெரிஞ்சாத்தானே அக்கா. முப்பது வருஷமா உங்க வல்லாரையைக் குடிச்சாரு. என்ன கிழிச்சுது?" சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்துக் காட்டினான். "இதுவும் வல்லாரைச் சாறுதான். ஒரு மாத்திரையில எத்தனை மில்லிகிராம்னு எழுதியிருக்கான் பாருங்க. உங்க கிளாசுல என்ன எழுதியிருக்கு?"

அப்படி வாய் நீட்டி என்னிடம் பேசியவன் அதுவரை எவனும் இல்லை. கூடையை இறக்கி வைத்தேன்.

"ஞாபக டாக்டர்கிட்ட காட்டு. அவங்க சோதிச்சுப் பாத்து உங்கப்பனுக்கு மண்டை போயிடுச்சுன்னு சொன்னா, நீ தாராளமா கூட்டிக்கிட்டுப் போ. நானும் இந்த ஒன்பதாவது பாட்டிலை வாய்க்கால்ல போட்டுட்டு எட்டோட நடக்கறேன்."

"சத்தியமா?"

"சாதினெம் சொன்னா சொன்னதுதான். நீ பால் மறந்ததே என் கச்சோலத்தால, மறந்துடாதே."

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். நெம் வந்தால்தான் வருவேன் என்று பெரியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் தியுர்மா மேடான் பக்கத்து பதாக் இனப் பெண், ஜாவாக்காரி இல்லை, சோலோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நேராகப் பேசுகிறவர். ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"பெரியவரே, இன்னைக்கு என்ன நாள்?"

"பாஹிங்."

டாக்டர் தப்பு என்று ஒரு கோடு போட்டார். "மாசம்?"

"சாபர். பத்தாம் தேதி."

இன்னொரு கோடு. "வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு."

எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. டாக்டரின் பேனா நின்றது. பம்புடி தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். டாக்டர் குரலை மெதுவாக்கிக்கொண்டு, குழந்தையிடம் கேட்பது போல, "நம்ம நாட்டுக்குச் சுதந்திரம் வந்துடுச்சா பெரியவரே?" என்றார்.

"வந்து ரொம்ப நாளாச்சேம்மா. மேடான் பக்கம் இன்னும் சொல்லலையா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து நடைக்குப் போய் ஆணியில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் போட்டேன். "டாக்டரம்மா, பெரிய எழுத்தை விடுங்க, கீழே பொடி எழுத்தைப் படிங்க. இன்னைக்குப் பாஹிங். சாபர் பத்து. ஜாவா வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சேதான். அவர் ஒண்ணும் பின்னால போகலை."

பக்கத்தில் நின்ற நர்ஸ், எங்கள் ஊர்ப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். "எங்கம்மாவும் இப்படித்தான் டாக்டர் சொல்வாங்க."

டாக்டர் நல்லவர். இரண்டு கோட்டையும் அடித்துவிட்டு மூன்று மதிப்பெண் போட்டார். நான் பம்புடியைப் பார்த்தேன். ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

நினைத்தது ஐந்து நிமிஷம்தான். டாக்டர் மூன்று சொல் சொன்னார்: நாற்காலி, மாம்பழம், குடை. பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பெரியவர் பன்னிரண்டை இரண்டு இடத்தில் போட்டார். அந்த மூன்று சொல் என்ன என்று கேட்டபோது, "குடை" என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

"மீதி ரெண்டு?"

"மழையில போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பாட்டு இருந்த தலை. தாளைக் கூட்டிப் பார்த்த டாக்டர் முகமே சொல்லிவிட்டது. பம்புடிக்குக் கண் கலங்கியிருந்தது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"வேற என்ன மருந்து சாப்பிடறாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷர் மாத்திரை ஒண்ணு. அவ்வளவுதான்" என்றான் பம்புடி.

"அவ்வளவு இல்லை" என்றேன் நான்.

இது என் தொழில். கசப்புக்குப் பின் இனிப்பு குடித்தவன் நாக்கைச் சுழற்றிக்கொண்டு கிளாஸைத் திருப்பித் தருவான், தண்ணீர் கேட்கமாட்டான். முப்பது வருஷமாகப் பெரியவரும் கேட்டதில்லை. அந்த மழைக்காலத்தில்தான் இனிப்பு குடித்த பிறகும், "நெம், வாய் ஒட்டுது, தண்ணி குடு" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் அவசரத்தில் கழுவுகிற வாளிக்கே கையை நீட்டினார். அதைப் பார்த்தேன், மனதில் போட்டு வைத்தேன், ஆனால் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. டாக்டர் கேட்ட நிமிஷத்தில்தான் அந்தத் தாகமும் அவர் முன்பு காட்டிய ஒரு மாத்திரையும் என் தலையில் ஒட்டிக்கொண்டன.

"முதல் மழையில சந்துக்குள்ள தண்ணி ஏறுச்சு. மறுநாள் சனிக்கிழமை, வாகே. இவருக்குக் காலெல்லாம் அரிப்பு. மஞ்சள் ரெண்டு பங்கு ஊத்தறேன்னேன். வேண்டாம், மூலைக் கடையில மஞ்சள் நிறத்துல பொடிசா ஒரு அரிப்பு மாத்திரை வாங்கிட்டேன்னு காட்டினாரு. இன்னையோட அம்பத்துமூணு நாள். வாய் ஒட்டுதுன்னு தண்ணி கேக்க ஆரம்பிச்சது அதுக்கு அஞ்சாம் நாள்."

டாக்டர் காலண்டரைப் புரட்டி எண்ணினார். சரியாக ஐம்பத்துமூன்று. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவரே, அந்த மஞ்சள் மாத்திரை இப்பவும் சாப்பிடறீங்களா?"

"அரிப்புக்கு ரெண்டு. தூக்கத்துக்கு ரெண்டு. காலையில ஒண்ணு."

"அரிப்பு இருக்கா?"

"அது போய் ஒரு மாசமாச்சு. மாத்திரை மட்டும் போக மாட்டேங்குது."

"அப்பா!" என்றான் பம்புடி.

"நீ கேட்டியாடா? பிரஷர் மாத்திரை தின்னியான்னுதான் தினம் போன்ல கேட்டே. தின்னேன்னேன்."

அந்த மாத்திரை வயசானவர்கள் தலையை மந்தமாக்கும், நாக்கை உலர்த்தும், நடையைத் தள்ளாட வைக்கும் என்று டாக்டர் விளக்கினார். மறதி முழுவதும் அதனால்தானா என்று இப்போதே சொல்ல முடியாது, நிறுத்திப் பார்த்தால் தெரியும் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க என்ன குடுக்கறீங்க?"

"வல்லாரை."

"எவ்வளவு?"

"ஒரு கிளாஸ். மறதி வந்ததும் ரெண்டு. இப்ப மூணு."

"ஒரு கிளாசுல எத்தனை கிராம் இலை?"

"கைப்பிடி."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "வல்லாரை அளவு மீறினா தூக்கக் கலக்கம் குடுக்கலாம் அம்மா. ஏற்கெனவே மந்தமாக்குற மாத்திரை மேல நீங்க மூணு கிளாஸ் ஊத்தியிருக்கீங்க."

நிமிர்ந்த முதுகைத் திரும்பவும் நாற்காலியில் சாய்த்தேன். மருந்து கேட்கவில்லை என்றால் கூட்டு, இன்னும் கேட்கவில்லை என்றால் இன்னும் கூட்டு. எங்கள் ஜாமுக்காரிகளில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. அதனால்தான் மலரில் எழுதுகிறேன். வெட்கப்பட்டு மறைத்தால் நாளைக்கு நீங்களும் மூன்று ஊற்றுவீர்கள்.

"மாத்திரை வேண்டாம். வல்லாரையும் ஒரு சொட்டு வேண்டாம், குப்பியில இருக்கறதும் சேர்த்துத்தான்" என்றார் டாக்டர். "எது என்ன செய்யுதுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கணும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"முப்பத்தஞ்சு நாள்" என்றேன். "புதனும் பாஹிங்கும் மறுபடி சேர்ற நாள்."

"சரி, உங்க கணக்குப்படியே."

பம்புடி யோசித்தான். வீட்டு வாடகைக்காரருக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றான். "முப்பத்தஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது அக்கா."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வல்லாரை இல்லாமலே பெரியவர் தேறிவிட்டால் என் முப்பது வருஷப் பேச்சு என்ன ஆகும்? தேறாவிட்டால் அவர் பதினெட்டாவது மாடிக்குப் போவார். சங்கத்தில் ஒருத்தி, பெயர் வேண்டாம், அவளுக்குத் தெரியும், என் காதைக் கடித்தாள். "அரிசிப்பால்ல ரெண்டு ஸ்பூன் வல்லாரை கலந்துடு. யாருக்குத் தெரியும்? தேறினா உன் பேர் நிக்கும்."

"எனக்குத் தெரியுமே" என்றேன். "என் தலையில நூத்தி நாப்பது பேர் கணக்கு இருக்குடி. அதுல ஒண்ணு பொய்யா இருந்தா மத்ததை நான் எப்படி நம்பறது?"

முதல் வாரம் பெரியவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தூக்கமில்லை, கோபம். "ஒன்பதாவதை ஊத்துடி" என்று கூடையை இழுத்தார். நான் அரிசிப்பால் மட்டும் ஊற்றினேன். மூலைக் கடைக்காரியிடம் போய், "இவருக்கு இனிமே மஞ்சள் மாத்திரை குடுத்தே, உன் கடை வாசல்ல கூடையை இறக்கி உக்காந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தினம் காலையில் ஒரு வேரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவேன், மறுநாள் கேட்பேன். முதல் ஆறு நாள் ஒன்றும் வரவில்லை. ஏழாம் நாள், "சுக்கு. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார். பதினைந்தாம் நாள் தண்ணீர் கேட்பது நின்றது. அவர் தேறிவிடுவார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

நபி பிறந்த முலுட் மாதம் மசூதி முற்றத்தில் செகாதென் என்கிற திருவிழா கமெலான் வாசித்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் நின்று வாசிப்பவர்களை முறைத்தார். "மூணாவது சுத்துல அந்தத் தடிப்பய ரெண்டு அடி விட்டுட்டான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். விசாரித்தேன். விட்டது உண்மைதான்.

முப்பத்தைந்தாம் நாள் டாக்டர் தாளை எடுத்தார். "இன்னைக்கு என்ன நாள்?"

"உங்களுக்குப் புதன். எனக்குப் பாஹிங். முலுட் பதினஞ்சு. உங்க வருஷம் வேணுமா, என் வருஷம் வேணுமா?"

மூன்று சொல்லும் வந்தது. மூன்றாவது கொஞ்சம் தாமதமாக, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. கடிகாரத்தில் ஒரே ஒரு பன்னிரண்டு. முள் இரண்டும் ஒரே நீளம், அதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. "வயசுக்கு உண்டான மறதி இருக்கு" என்றார் டாக்டர். "அதுக்காக வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டியதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

பம்புடி தனியாக ரயில் ஏறினான். போகுமுன் என் முன்னால் நின்று, "அக்கா, வாய் தவறிப் பேசிட்டேன்" என்றான்.

"நீ கேட்ட கேள்வி சரிதான் தம்பி. கிளாசுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டியே, அது. கேட்ட தொனிதான் சரியில்லை."

வல்லாரையை மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு, அளந்து எடுத்த சாற்றில் சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். பெரியவருக்கு அரை கிளாஸ் போதும், இலையை எடை போடு என்றார். மறுநாளே தராசு வாங்கினேன். ஒன்பது பாட்டில் சுமக்கிறவளும் நான்தான், அதில் ஒன்றுக்குத் தராசு வைத்திருக்கிறவளும் நான்தான். வந்து பாருங்கள், காட்டுகிறேன். வல்லாரைதான் அவரைக் காப்பாற்றியது என்று இப்போது சொல்வதில்லை. அவர் நாக்கு உலர்ந்ததைக் கண்டுபிடித்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். அதை எந்தக் குப்பியும் கண்டுபிடிக்கவில்லை.

பெரியவருக்கு இப்போது எண்பது. வியாழக்கிழமைப் பயிற்சி நிற்கவில்லை. சில பாட்டுகளில் வரி நழுவும், வில்லை ஒரு நொடி தூக்கிப் பிடிப்பார். இருபது பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள். வந்துவிடும். நேற்றுக் காலையும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நெம், இது பாதிதானே இருக்கு?"

"பாதிதான்."

"நேத்தும் பாதிதான் ஊத்தினே."

"பாருங்க, ஞாபகம் இருக்கே!"

கிளாஸைக் காலி செய்து, நாக்கைச் சுழற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். தண்ணீர் கேட்கவில்லை.

டாக்டர் தியுர்மா என் நூற்று நாற்பத்தொன்றாவது வாடிக்கை. பாஹிங் தோறும் நிலவேம்பு, பின்னால் அரை கிளாஸ் இனிப்பு. ஆறு வருஷம் ஆகிறது. பாஹிங் என்றைக்கு வருகிறது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. வாசலில் என் குரல் கேட்டால்தான் கிளாஸைத் தேடுகிறார்.